மலையகத் தோட்டங்களுக்கு டாக்டர் மட்டும் போதுமா? தாதியரைப் பற்றியும் பேசுவோம்

ஹட்டன் நகரில் என் மச்சானுக்கு ஒரு பாமசி இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பின்னேரங்களில் அங்கே போய் உட்காருவது என் வழக்கமாகிவிட்டது. தோட்டங்களில் சம்பளம் போட்டு ஓரிரு நாட்களுக்குக் கடையில் சனம் நிறைந்திருக்கும். அப்படி ஒரு நாள் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். வெறுமையாகிப்போன குளிசை அட்டையைக் காட்டி, "இதுல பத்து குடுங்க முதலாளி" என்றார். பிரஷர் குளிசை. கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான்கு மாதமாக அதில் ஒரு பதிவும் இல்லை.

"ஏன் அக்கா போகல்ல?" என்று கேட்டேன்.

"கிளினிக்குப் போனா அன்னைக்குப் பேர் இல்ல. ஓட்டோக்கு வேற காசு. காலையில போய் நின்னா மத்தியானம் ஆயிரும். டாக்டர் பாக்குறது ரெண்டு நிமிசம். அதே குளிசையத்தான எழுதிக் குடுக்குறாங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏற்கனவே டாக்டர் பார்த்து, நோயை உறுதிசெய்து, மருந்தும் தீர்மானித்த ஒருவருக்கு மாதாமாதம் பிரஷரை அளந்து, கால் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து, அதே மருந்தைத் தொடரலாமா, கூட்ட வேண்டுமா, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்க எம்.பி.பி.எஸ். படித்தவர்தான் வேண்டுமா? நன்கு பயிற்றப்பட்ட ஒரு தாதி அதை லயத்துக்குப் பக்கத்திலேயே செய்ய முடியாதா?

உலகில் பல நாடுகள் முடியும் என்று பதில் சொல்லி நீண்ட காலமாகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு லொரெட்டா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற சிறுவர் நல வைத்தியரும் சேர்ந்து 'நர்ஸ் பிரக்டிஷனர்' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் போய்ச் சேராத கிராமப்புறச் சிறுவர்களுக்காகத்தான் அது ஆரம்பமானது. (அந்த அம்மையார் 2025 ஜனவரியில் தனது 104ஆவது வயதில் காலமானார்.) பிரித்தானியாவில் 2006 முதல், அதற்கென மேலதிகமாகப் படித்துத் தகுதி பெற்ற தாதியர் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதலாம். இப்படிப்பட்டவர்களைத்தான் உயர்நிலைத் தாதியர் என்கிறார்கள். சாதாரணத் தாதிப் பயிற்சிக்கு மேல் பட்டப் பின்படிப்பு அளவுக்குப் படித்து, நோயாளியைப் பரிசோதித்து, வரையறுக்கப்பட்ட நோய்களுக்குத் தாமே சிகிச்சையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றவர்கள் இவர்கள். டாக்டர் சொல்வதைச் செய்பவர் என்ற நிலையிலிருந்து, தன் முடிவுக்குத் தானே பொறுப்புச் சொல்பவர் என்ற நிலைக்கு மாறுவதுதான் இதில் முக்கியமான விடயம்.

"இதெல்லாம் அரைகுறை வைத்தியம்" என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆய்வுகளைத் திரட்டி அலசும் கொக்ரேன் அமைப்பு 2018இல் இதுபற்றி 18 பரிசோதனை ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. ஆரம்ப சுகாதார சேவையில் டாக்டருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற தாதி பார்த்தபோது நோயாளிகளின் உடல்நிலை அதே அளவிலோ சற்று மேலாகவோதான் இருந்தது. நோயாளிகளின் திருப்தி கூடுதலாக இருந்தது. தாதியர் ஒவ்வொருவரோடும் கூடுதல் நேரம் செலவிட்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் என்று அந்த அக்கா சொன்னது நினைவிருக்கட்டும்.

அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போவானேன்? நமது நாட்டின் மிகப் பெரிய சுகாதார வெற்றியே டாக்டர் அல்லாதவர்களால் வந்ததுதான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த முறையில்தான் குடும்ப சுகாதார மாது வீடுவீடாகப் போனார். சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கர்ப்பிணியைப் பதிந்து, நிறை பார்த்து, ஊசி போடவைத்து, பிள்ளை பிறந்த பிறகும் வந்து பார்த்தார். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேல் தாய்மார் இறந்த இந்த நாட்டில் அந்த எண்ணிக்கை 40க்கும் கீழே வந்ததில், கல்வி, இலவச வைத்தியசாலை, வீதிகள் இவற்றோடு அந்த மாதுமாரின் கால் நடைக்கும் பெரிய பங்குண்டு.

ஆனால் தோட்டங்களின் கதை வேறு. அங்கே சுகாதாரம் நீண்ட காலம் அரசாங்கத்தின் வேலையாக இருக்கவில்லை, துரைமாரின் வேலையாக இருந்தது. 1872இலும் பின்னர் 1912இலும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் அந்தப் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்கள் மேல் வைத்தன. அதன் விளைவாக வந்தவர்தான் 'தோட்டத்து டாக்டரையா'. உண்மையில் அவர் டாக்டர் அல்ல. தோட்ட வைத்திய உதவியாளர், அல்லது மருந்து கலக்கத் தெரிந்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்டார், யாருக்கு லீவு யாருக்கு வேலை என்றும் சொன்னார். அந்தக் கடைசி அதிகாரத்தால்தான் அவர் மேல் சனத்துக்கு நம்பிக்கையும் இருந்தது, பயமும் இருந்தது.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயின. தொண்ணூறுகளிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. எல்லாவற்றையும் அல்ல. இடையில் நின்றுபோன அந்த வேலையின் அடையாளமாக, கதவு பூட்டிய மருந்துக் கட்டடங்களை இன்றும் தோட்டங்களில் பார்க்கலாம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். நல்ல விடயம்தான். ஆனால் மேல் பிரிவு லயத்திலிருந்து அந்தக் கட்டில் வரைக்கும் உள்ள பாதையை எந்தக் கட்டடமும் குறைப்பதில்லை.

ஆக, டாக்டர் அல்லாத ஒருவர் சிகிச்சை செய்வது தோட்டங்களுக்குப் புதிய யோசனை அல்ல. நூறு வருடங்களுக்கும் மேலாக நடந்ததுதான். போதிய படிப்பு, கண்காணிப்பு, சட்ட அங்கீகாரம் மூன்றும் இல்லாமல் நடந்தது. இப்போது அந்தப் பழைய உதவியாளர்களும் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடம் பல தோட்டங்களில் வெறுமையாகிவிட்டது.

குளவி விடயத்தை எடுத்துக்கொள்வோம். 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி' என்ற செய்தியை நமது தளங்களில் எத்தனை தடவை வாசித்திருப்போம்? கொட்டுப்பட்ட சிலருக்கு உடல் முழுக்கத் தடித்து, தொண்டை அடைத்து, பிரஷர் விழுந்துவிடும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. வளர்ந்தவர்களுக்கு அரை மில்லிகிராம். விலை உயர்ந்த மருந்தும் அல்ல. ஆனால் மணித்தியாலக் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் போடவேண்டும். 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் பெரிய வரப்பிரசாதம். என்றாலும் மழையில் கரைந்த தோட்டப் பாதையில் அதுவும் மெதுவாகத்தான் ஏறும். ஊசியும் அதைப் போட அதிகாரமும் உள்ள ஒருவர் மலையிலேயே இருக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. நூற்றுக்கணக்கான கொட்டுகள் பட்டவருக்கு ஓரிரு நாள் கழித்து சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா என்று கேட்டுத் தெரிந்து உடனே அனுப்பிவைக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று வெற்றிலை. குளிருக்கும் பசிக்கும் புகையிலையோடு வெற்றிலை போடுவது தோட்டத்தில் சாதாரணம். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் உள்ள புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வாய்க்குள் வெள்ளைப் படை, ஆறாத புண் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க ஸ்கேன் இயந்திரம் தேவையில்லை, பழகிய கண் போதும். பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம்.

இந்தியாவிலும் இப்பாதையில் சில அடிகள் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், நீரிழிவு மருந்துகள் வீட்டுக்கே போகின்றன. தாதியரும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களும் அதைச் செய்கிறார்கள். மருந்தைத் தீர்மானிப்பது இன்னும் டாக்டர்தான் என்றாலும், ஒரு நாள் கூலியை இழக்காமல் குளிசை கிடைக்கிறது.

நமது நாட்டில் மருந்தெழுதும் அதிகாரம் சட்டப்படி தாதிக்கு இல்லை. தாதிமைப் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள், திறந்த பல்கலைக்கழகம் தொண்ணூறுகளிலேயே அந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. படித்தும் வார்டில் பழைய வேலையைத்தான் செய்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பின் டாக்டர்களும் தாதியரும் விமானம் ஏறுவதைப் பார்க்கிறோம். படிப்புக்கேற்ற பொறுப்பு அங்கே கிடைப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. "பணக்காரனுக்கு டாக்டர், தோட்டத்தானுக்கு நர்ஸா?" என்று தோட்ட இளைஞர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். டாக்டரையா காலத்தை அனுபவித்த சமூகம் அப்படிக் கேட்கத்தான் செய்யும். கம்பனி தன் செலவைக் குறைக்க மலிவாக ஒருவரை நியமித்தால் அது பழைய கதையின் மறுபதிப்பாகிவிடும். எனவே அந்தத் தாதி சுகாதார அமைச்சின் ஊழியராக, சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், எழுத்திலான சிகிச்சை விதிமுறையோடு, சந்தேகம் வந்தால் உடனே தொலைபேசியில் டாக்டரைப் பிடிக்கும் வசதியோடு இருக்க வேண்டும். லீவு கொடுப்பதா இல்லையா என்பதில் தோட்ட நிர்வாகம் அவருக்கு உத்தரவிட முடியாமலும் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் நான் அந்த இளைஞரின் பக்கம்தான்.

இதில் முஸ்லிம்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மொழிதான். தோட்டத்துப் பெண் தன் மாதவிடாய்ப் பிரச்சினையைச் சிங்களத்தில் சொல்ல முடியாது, சொன்னாலும் பாதிதான் சொல்வார். மலைநாட்டு நகரங்களில் வளரும் எமது பெண்பிள்ளைகளில் பலர் தமிழில் பேசிச் சிங்களத்திலும் சரளமாக இருப்பவர்கள். இப்படி இரு மொழியும் தெரிந்தவர்கள் தாதிச் சேவைக்கு எவ்வளவு தேவை! ஆனால் எமது வீடுகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் மகள் டாக்டராக வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியை. இரவு வேலை, சீருடை, ஆண் நோயாளர் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சில கவலைகள் உண்மையானவை, பேசித் தீர்க்க வேண்டியவை. அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரழி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில்தான் சிகிச்சைக்காக வைக்கப்பட்டார்கள். பயான்களில் இதைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது பேனாவைப் பிடுங்கிவிடுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு தடை. தாதிப் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவு வேண்டும், அந்தப் பிரிவு உள்ள பாடசாலைகள் தோட்டப் பகுதியில் குறைவு. நகரத்து டியூஷனுக்கு வர பஸ் காசு இல்லை. அவர்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து இருபது பேருக்கு உயிரியல், இரசாயன வகுப்பு நடத்த எங்கள் பள்ளிவாசலின் மேல் மாடி போதும். மாலையில் அது சும்மாதான் கிடக்கிறது. ஸகாத் நிதியிலிருந்து எடுக்கலாமா என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது, ஸதகாவில் தாராளமாகச் செய்யலாம். சென்ற மாத நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள்.

அந்த அக்காவுக்கு அன்று பத்துக் குளிசை கொடுக்கவில்லை. மச்சான் பிரஷரை அளந்தார், 170க்கு 100. வியாழக்கிழமை கிளினிக்குக்குக் கட்டாயம் போகச் சொல்லி, அதுவரைக்கும் மட்டும் குளிசை கொடுத்தோம். போனாரா என்று தெரியாது, பிறகு கடைப்பக்கம் அவரைக் காணவில்லை.