ஆமை வேகக்காரர் 30 பேஸ் திருடினார், தெரியுமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் வேகமாக ஓடுபவர்களை வரிசைப்படுத்தினால், ஜோஷ் நெய்லரின் பெயரைக் கீழிருந்துதான் தேட வேண்டும். கனத்த உடம்பு. நிற்கும் இடம் ஃபர்ஸ்ட் பேஸ். அப்படிப்பட்டவர் 2025 சீசனில் எத்தனை பேஸ் திருடினார், அதாவது பேட்டர் அடிக்கும்வரை காத்திராமல் எத்தனை முறை அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார் தெரியுமா? 30! பிடிபட்டது இரண்டே முறை! சீசனின் நடுவே அரிசோனா அணியிலிருந்து சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். அங்கே போய் 19 முறை முயன்றார், 19 முறையும் தப்பினார். அதோடு 20 ஹோம் ரன் வேறு!

டிவியில் பார்த்தவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஃபேண்டசி பேஸ்பால் அணியில் அவரை வைத்திருந்தவர்களுக்கோ புதையல்! ஒவ்வொரு மார்ச்சிலும் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகவோ ஏலத்திலோ ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதற்குப் பெயர் டிராஃப்ட். நீங்கள் எடுத்த வீரரை வேறொருவர் எடுக்க முடியாது. செப்டம்பர் கடைசி வரை அந்த வீரர் மைதானத்தில் அடிப்பதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். இதில் யாரை ஃபர்ஸ்ட் பேஸ்மேனாக எடுப்பது என்பதில்தான் பல அணிகளின் தலையெழுத்தே இருக்கிறது என்பேன்.

இந்த ஆட்டம் எங்கே பெயர் பெற்றது தெரியுமா? நியூயார்க்கின் ஒரு பிரெஞ்சு உணவகத்தில்! டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் அங்கே கூடிப் பேசினார்கள். உணவகத்தின் பெயர் லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ். அதனால் ஆட்டத்துக்கு ரோட்டிசரி பேஸ்பால் என்று பெயர். முதல் ஏலம் 1980இல் நடந்தது. ஆளுக்கு 260 டாலர், அதற்குள் 23 வீரர்கள் என்பது ரோட்டிசரிக் கணக்கு. அந்தக் கணக்கு இன்றும் ஏல லீக்குகளில் அப்படியே நடக்கிறது! பந்துவீச்சாளரை எடைபோட இன்று எல்லாரும் வாய்க்கு வாய் சொல்லும் 'விப்' என்ற அளவுகோலும் ஓக்ரென்ட் உண்டாக்கியதுதான். ஜெயித்தவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தைக் கொட்டுவது அந்த லீக்கின் சடங்கு. ஓக்ரென்ட் தலையில் மட்டும் அது விழவே இல்லை. தான் தொடங்கிய லீக்கில் அவர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை!

சரி, ஃபர்ஸ்ட் பேஸுக்கு வருவோம். பேட்டருக்கு ஐந்து கணக்கு: ஹோம் ரன், ரன், தன் அடியால் அணிக்குச் சேர்க்கும் ரன்னான ஆர்.பி.ஐ., திருடிய பேஸ், ஹிட் எண்ணிக்கையை அட்-பேட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் பேட்டிங் சராசரி. ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு ஓடியாடிப் பந்து பொறுக்கும் வேலை குறைவு. மற்றவர்கள் எறிவதைக் காலை நீட்டிப் பிடிப்பதுதான் பெரும்பாலான வேலை. ஆகவே, அடிக்கத் தெரிந்தவரையே அங்கே நிறுத்துவார்கள். அடிக்கிறவரை வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இறக்குவார்கள். முன்னால் போனவர்கள் பேஸில் காத்திருப்பார்கள், இவர் அடிக்க அடிக்க ஆர்.பி.ஐ. குவியும்! 1931இல் நியூயார்க் யாங்கீஸின் லூ கெரிக் சேர்த்த ஆர்.பி.ஐ. 185. அமெரிக்கன் லீகில் அந்தச் சாதனையை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. அவரும் ஃபர்ஸ்ட் பேஸ்மேன்தான்!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்த்ததும் கண் மயங்கிவிடுகிறது, சராசரியை மறந்துவிடுகிறார்கள். 2023இல் நியூயார்க் மெட்ஸின் பீட் அலோன்சோ 46 ஹோம் ரன், 118 ஆர்.பி.ஐ. எடுத்தார். அபாரம்! ஆனால் 568 அட்-பேட்டில் 123 ஹிட்தான். சராசரி .217. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் 637 அட்-பேட்டில் 211 ஹிட் அடித்தார். சராசரி .331! இருவரையும் ஒரே அணியில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஹிட்டைக் கூட்டினால் 334, அட்-பேட்டைக் கூட்டினால் 1,205. வகுத்துப் பாருங்கள்: .277. கௌரவமான சராசரி! ஹோம் ரன்னோ இருவருக்கும் சேர்த்து 75! ஃப்ரீமன் இல்லாமல் அலோன்சோ போன்ற இருவரை எடுத்தவருக்கு மலைபோல் ஹோம் ரன் குவியும், ஆனால் சராசரிப் பட்டியலில் கடைசி இடத்தில் கிடப்பார். முதலில் சராசரிக்காரர், பிறகு ஹோம் ரன்காரர் என்ற வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஒரே வீரர் சொர்க்கத்தையும் பாதாளத்தையும் காட்டிய கதை தெரியுமா? பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2013இல் 53 ஹோம் ரன், 138 ஆர்.பி.ஐ. எடுத்தார். 2018இல் 470 அட்-பேட்டில் 79 ஹிட், சராசரி .168! விதிப்படி போதிய ஆட்டம் ஆடியவர்களில் ஒரு சீசனில் அதைவிடக் குறைந்த சராசரி அதுவரை எவருக்கும் இருந்ததில்லை. துயரம் அதோடு முடியவில்லை. அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை, 54 அட்-பேட்டில் ஒரு ஹிட்கூட இல்லை! 2019 ஏப்ரல் 13 அன்று பாஸ்டன் மைதானத்தில்தான் அந்த விரதம் கலைந்தது. ஹோம் ரன்னை மட்டும் நம்பி ஏலத்தில் கையைத் தூக்குகிறவர்கள் இந்தக் கதையை மறக்கவே கூடாது.

ஆனால் உங்கள் லீக்கில் சராசரிக்குப் பதிலாக ஆன்-பேஸ் சதவீதம் எண்ணினால் எல்லாம் தலைகீழ்! சின்சினாட்டியின் ஜோயி வாட்டோ 2017இல், பந்துவீச்சாளர் தவறாக வீசுவதால் கிடைக்கும் வாக்கை 134 முறை வாங்கி நடந்தே பேஸுக்குப் போனார். சராசரி லீக்கில் அந்த 134க்கும் மதிப்பே இல்லை. ஆன்-பேஸ் லீக்கில் அத்தனையும் தங்கம்! டிராஃப்டுக்கு முன் விதிகளை ஒரு முறையாவது ஊன்றிப் படியுங்கள்.

ஃபர்ஸ்ட் பேஸ்மேன் என்றால் ஓடமாட்டார் என்று யார் சொன்னது? ஹூஸ்டனின் ஜெஃப் பேக்வெல் 1997இல் 43 ஹோம் ரன்னும் 31 திருட்டும், 1999இல் 42 ஹோம் ரன்னும் 30 திருட்டும் கண்டார். இந்த மாமனிதரை 1990இல் பாஸ்டன் அணி யாருக்காகத் தாரை வார்த்தது தெரியுமா? லேரி ஆண்டர்சன் என்ற பந்துவீச்சாளருக்காக! அவர் பாஸ்டனுக்கு ஆடியது 15 ஆட்டம். பேக்வெல்லோ ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார்! அரிசோனாவின் பால் கோல்ட்ஸ்மிட் 2016இல் 32 பேஸ் திருடினார். ஃப்ரீமன்கூட அந்த 2023இல் 23 திருடினார், பிடிபட்டது ஒரே முறை.

2023இல் விதிகளே மாறிவிட்டன. பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் இடையே நாலரை அங்குலம் மிச்சம்! ஓடக் காத்திருப்பவரைப் பிடிக்கப் பந்துவீச்சாளர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் தாராளமாகத் திரும்பி எறியலாம். மூன்றாவது முறை எறிந்து பிடிக்கத் தவறினால், ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைக்கும். பலன்? 2022இல் லீக் முழுக்க 2,486 ஆக இருந்த திருட்டு, 2023இல் 3,503! கால் வேகத்தைவிடப் பந்துவீச்சாளரின் நேரத்தைக் கணிக்கும் மூளைக்கு மவுசு கூடிவிட்டது. நெய்லரின் ரகசியமும் அதுதான்.

மைதானமும் ஆளை உயர்த்தும். கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மேல்தளத்தில் சரியாக ஒரு மைல் உயரம் வரும் வரிசையின் இருக்கைகளுக்கு ஊதா வண்ணமே பூசியிருக்கிறார்கள்! காற்று மெலிது, பந்து பறக்கும். 2000இல் டாட் ஹெல்டன் கொலராடோ அணிக்காக அடித்த சராசரி .372, ஹோம் ரன் 42, ஆர்.பி.ஐ. 147. பந்துகள் காய்ந்துபோகாமல் ஈரப்பதமான அறையில் வைக்கும் வழக்கம் 2002இல் அங்கே வந்தது. அதன்பிறகும் அது பேட்டர்களின் சொர்க்கம்தான்.

ஒரே நாளில் சீசனே புரண்டுவிடும், தெரியுமா? 2025 ஜூலை 25. அத்லெடிக்ஸ் அணியின் நிக் கர்ட்ஸுக்கு 22 வயது, அது அவருக்கு முதல் சீசன். ஹூஸ்டனில் ஆறு முறை பேட் பிடித்தார், ஆறும் ஹிட்! அதில் நான்கு ஹோம் ரன்! 8 ஆர்.பி.ஐ., 6 ரன்! முதல் சீசனிலேயே ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர் அதற்கு முன் எவருமில்லை. ஏப்ரலில் அவர் மேஜர் லீகுக்கு வரும் முன்பே பெஞ்சில் ஓரிடம் ஒதுக்கிக் காத்திருந்தவர்களுக்கு அன்று தீபாவளி!

இன்னொன்று, பலர் எண்ணிப் பார்க்காதது: ஆஜர் பட்டியல். அட்லாண்டாவின் மேட் ஓல்சன் 2022 முதல் 2025 வரை நான்கு சீசனிலும் 162 ஆட்டம் ஆடினார். ஒன்றுகூட விடவில்லை! காயமென்று உட்காராதவருக்கு நான் ஒரு சுற்று முன்னதாகவே கை நீட்டுவேன்.

ஃபர்ஸ்ட் பேஸ்மேனை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நிறுத்தலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஃபர்ஸ்ட் அல்லது தேர்ட் பேஸ்மேனுக்கான கார்னர் இன்ஃபீல்டர், எந்த பேட்டருக்கும் பொருந்தும் யூடிலிட்டி என்ற இரு இடங்களும் அவருக்குத் திறந்தே இருக்கின்றன. அதனால் நல்லவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்துபோவார்கள். 12 பேர் லீக்கில் முதல் ஐந்து சுற்றுக்குள், சராசரியைக் கெடுக்காத, தினமும் ஆடுகிற ஒருவரை எடுத்துவிடுங்கள். ஓடவும் செய்கிறவர் என்றால் இன்னும் ஒரு சுற்று முன்னதாக! குறைந்த சராசரி ஹோம் ரன்காரரைப் பத்தாம் சுற்றுக்குப் பிறகு கார்னருக்கு எடுங்கள், கடைசி பெஞ்ச் இடத்தைப் புதுப் பையன் ஒருவனுக்கு விட்டுவையுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.