மூன்று கிரவுண்டு ஆட்டம்

ஒரு டென்னிஸ் கோர்ட் போட எவ்வளவு இடம் வேண்டும்? கோடுகளுக்குள் மட்டும் 78 அடி நீளம். இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம். பந்தைத் துரத்தி ஓட நான்கு பக்கமும் இடம் விட்டால் 120-க்கு 60. அதாவது 7,200 சதுர அடி, சரியாக மூன்று கிரவுண்டு. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் அந்த இடத்தில் எத்தனை வீடு கட்டலாம், எத்தனை தறி போடலாம் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஆடப்போவதோ அதிகபட்சம் நாலு பேர்.

நம் சிற்றூர்களில் டென்னிஸ் ஏன் ஆபீசர்ஸ் கிளப் காம்பவுண்டுக்குள்ளேயே கிடந்தது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. 1874-இல் இங்கிலாந்தில் வால்டர் விங்ஃபீல்டு காப்புரிமை வாங்கிய ஆட்டம் இது. 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே இந்த ஆட்டம் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. மாவட்டத் தலைநகரங்களில் ஊர் நடுவே காலி நிலம் வைத்திருந்தது சர்க்கார்தான். ஆகவே கலெக்டரும் ஜட்ஜும் ஆடினார்கள். பின்னால் வக்கீல்களும் டாக்டர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

புல்தரை வளர்க்க நம் வெயில் விடாது. மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சாணம் மெழுகி, சுண்ணாம்பில் கோடு போட்டால் கோர்ட் தயார். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் வெடிப்பு விழும். மழை பெய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலையோடு, ஜோடி கிடைக்காத உறுப்பினருக்கு எதிரே நின்று ஆடிக் கொடுக்கவும் ஓர் ஆள் இருப்பார். அவர்தான் மார்க்கர். கிளப்பில் நன்றாக ஆடத் தெரிந்தவர் பல நேரம் அவர் ஒருவராகத்தான் இருப்பார், உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இராது. ஆட்டத்தில் ஆர்வமுள்ள அதிகாரி வந்தால் ரோலர் உருளும். அவருக்கு மாற்றல் வந்தால் கோர்ட்டில் நெருஞ்சி முளைக்கும்.

இப்படிப்பட்ட கிளப்புகள் மாலைப் பொழுதைப் போக்கின. சாம்பியன்களை உருவாக்கியது வேறு இடம். காஞ்சிபுரத்துத் தறி வேலை போல, தமிழ்நாட்டு டென்னிஸும் அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த வித்தையாகத்தான் வளர்ந்தது.

1937-இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் வளர்ந்தது தென்காசியில். ஆசான், அப்பா டி.கே. ராமநாதன். கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் கோப்பைப் போட்டியில் ஆட இந்தப் பள்ளிச் சிறுவனுக்கு லயோலா கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார்; 1951-இல் கோப்பையையும் பையனே கொண்டுபோனான். 1954-இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் சிறுவர் பட்டம். அதுவரை ஆசியாவிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி. இரண்டாம் முறை கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தியிருந்தார். அவருடைய சர்வில் வேகம் கிடையாது. பந்தை அடிப்பதைவிட, ஆள் இல்லாத மூலையில் கொண்டுபோய் வைப்பார். நிதானமாக எழும்பும் பந்துக்குப் பொறுமையோடு காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் மண் கோர்ட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வது கஷ்டம்.

1966 டேவிஸ் கோப்பை. கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். தாமஸ் கோச்சிடம் இரண்டு செட் இழந்து, நாலாவது செட்டில் 2–5 என்று பின்தங்கிய கிருஷ்ணன் அங்கிருந்து எழுந்து ஜெயித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது.

அமிர்தராஜ் வீட்டில் பிள்ளைகளை ஆட்டத்தில் இறக்கும் பொறுப்பு அம்மாவுடையது. மேகி அமிர்தராஜின் ஊக்கத்தில் ஆனந்த், விஜய், அசோக் மூவருமே விம்பிள்டனில் ஆடினார்கள்.

கிருஷ்ணன் மகன் ரமேஷுக்கும் முதல் வாத்தியார் தாத்தா டி.கே. ராமநாதன்தான். அப்பா பட்டம் வென்று 25 ஆண்டு கழித்து, 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை ரமேஷும் வாங்கினார். 1987-இல் சிட்னியில் வாலி மஸூரைத் தோற்கடித்து இந்தியாவை மறுபடி டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவரும் அவரே. அவருடைய சர்விலும் வேகம் இருந்ததில்லை.