பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!



சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் முதலில் எது ஞாபகம் வரும்? வீட்டுப்பாடமா? ஊகூம்... பசிதான்!

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் ஒரு மளிகைக் கடைக்கு உப்பு வாங்கப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, தம்பியின் கையைப் பிடித்தபடி நின்றாள். கையில் 10 ரூபாய். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை இரண்டு பேர் பசிக்கும் அந்தப் பணம்தான்!

சரம்சரமாகத் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகளில், நன்றாக உப்பியிருந்த ஒன்றைக் காட்டினாள்.

"இதுதான் வாத்தியார் தாத்தா பெரிசு. ரெண்டு பேருக்கும் வரும்!"

"பின்பக்கம் திருப்பிப் பாரும்மா" என்றேன்.

பொடி எழுத்தில் 'நிகர எடை 22 கிராம்' என்று இருந்தது.

"அப்ப உள்ளே வெறும் காத்தா?"

ஆமாம்! பெரும்பாலும் அது நைட்ரஜன் வாயு. சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கவும் அதை அடைக்கிறார்கள்.

கடைக்காரர் 10 ரூபாய்க்கு வறுத்த வேர்க்கடலையைத் தராசில் போட்டார். 50 கிராம்! இரண்டு மடங்குக்கும் மேல். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அது தேவை, பசியும் அடங்கும். சிறுமி கடலையையே வாங்கினாள். தம்பிக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று!

நீங்களும் கடைக்குப் போனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பட்டியல். ஆங்கிலத்தில் 'இங்கிரீடியன்ட்ஸ்' என்று இருக்கும். எந்தப் பொருளின் எடை அதிகமோ, அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் பெரிதாகப் பாதாம் படம் போட்டிருக்கும். பட்டியலைப் பார்த்தால் மைதா, சர்க்கரை, பாமாயில் முன் வரிசையில் இருக்கும். பாதாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்!

இரண்டாவது, சர்க்கரை. குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 11 கிராம் என்று போட்டிருந்தால், 200 மில்லி பாட்டிலில் 22 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். அப்படியானால் ஐந்தரை ஸ்பூன்! பெரியவர்களே தனியாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

மூன்றாவது, உப்பு. பாக்கெட்டில் 'சோடியம்' என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதியே வந்திருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? பொட்டுக்கடலை, பொரி, வாழைப்பழம், கொய்யா... எல்லாம் நல்லவை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயும் ருசிதான். ஆனால் வெல்லமும் இனிப்புதானே! ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கடலைப் பக்கமே போக வேண்டாம்.

'சதுரகராதி' தந்த வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் ஏலாக்குறிச்சி. சொல்லுக்குப் பொருள் சொன்னவர் இருந்த ஊரில், பாக்கெட்டில் இருக்கும் நாலு வரியைப் படிக்காமல் விடலாமா?

அந்தத் தம்பியை மறுநாள் பார்த்தேன். "கடலை எப்படிடா?" என்றேன். "அக்காதான் நிறைய தின்னுட்டா தாத்தா!" என்றான்.

இன்று மாலை நீங்கள் எந்தப் பாக்கெட்டைத் திருப்பப் போகிறீர்கள்?