இஸ்திரி போட்டதும் தெரிந்த கறை

நேர்முகத் தேர்வு காலை 10 மணிக்கு. ஏழரை மணிக்கு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி மேசையில் விரித்தேன். முந்தைய இரவு எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு பொட்டு அழுக்குகூட இல்லை. மூன்றாவது பித்தானுக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு முறை தேய்த்ததும் ஐந்தாறு பழுப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. பெட்டியின் அடிப்பாகத்தில்தான் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து, அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தேன். திட்டுகள் இன்னும் அடர்த்தியாயின.

அந்தச் சட்டையை வாங்கித் தந்தவர் அம்மா. விலை 45 வெள்ளி. வேலைப் பயிற்சிக்கு நான் விண்ணப்பிக்கத் தொடங்கியபோது, “இதை நேர்முகத் தேர்வுக்கு மட்டும் போடும்மா, மத்த நாள்ல போட்டு வீணாக்காத” என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், வகுப்பில் எங்கள் குழுவின் படைப்பு நாளன்று அதை அணிந்துகொண்டு போனேன்.

படைப்பு நன்றாக முடிந்த மகிழ்ச்சியில் நண்பர்களுடன் உணவங்காடி நிலையத்துக்குச் சென்றோம். மேசையில் ஒரு குவளை சிவப்பு டிராகன் பழச்சாறும் இரண்டு குவளை கரும்புச் சாறும் இருந்தன. யாருடைய முழங்கையோ இடித்து எல்லாம் சாய்ந்தன. டிராகன் பழச்சாறு பட்ட இடம் பளிச்சென்று தெரிந்ததால் கழிவறைக்கு ஓடிப்போய் அந்த இடத்தை மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசினேன். நிறம் போய்விட்டது. கரும்புச் சாறு தெறித்த இடம் ஈரமாக மட்டுமே இருந்தது. காய்ந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் சட்டையைத் துவைக்கப் போட்டால் நான் அதை அணிந்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே, அப்படியே அலமாரிக்குள் மாட்டிவிட்டேன்.

இதில் சொல்ல வெட்கமான விஷயம், நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிப்பவள். சர்க்கரையைச் சூடாக்கினால் பழுப்பாகும் என்பது எனக்குத் தெரியும். அது என் சட்டையிலும் நடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

கண்ணுக்குத் தெரியாத கறை

கரும்புச் சாற்றின் இனிப்புக்குக் காரணம் அதிலுள்ள சுக்ரோஸ் என்ற சர்க்கரை. தண்ணீர் ஆவியான பிறகும் சர்க்கரை துணியின் இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நிறம் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. சுக்ரோஸ் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியசில் கருகத் தொடங்குகிறது. பழங்களில் இருக்கும் ஃபிரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரியிலேயே கருகும். பருத்தித் துணிக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு 200 டிகிரியை எட்டும். அதாவது, அன்று காலை என் சட்டையின் மேல் நானே சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

இஸ்திரி போடாவிட்டாலும் ஆபத்து உண்டு. நறுக்கி வைத்த ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் பழத்தின் பொருள்கள் வினைபுரிவதே அதற்குக் காரணம். துணியில் காய்ந்த ஆப்பிள் சாறும் கரும்புச் சாறும் அதேபோல் நாள்பட மஞ்சளாகி, பிறகு பழுப்பாகக்கூடும். சில மாதங்கள் கழித்து வெளியே எடுக்கும் வெள்ளை உடையில் எங்கிருந்தோ மஞ்சள் புள்ளிகள் வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாச் சாறும் ஒன்றல்ல

அந்த வாரக் கடைசியில் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு சோதனை செய்தேன். பழைய வெள்ளைப் பருத்திக் கைக்குட்டைகளை 12 துண்டுகளாக வெட்டினேன். டிராகன் பழம், கறுப்புத் திராட்சை, மாம்பழம், கரும்பு ஆகிய நான்கின் சாற்றையும் மும்மூன்று துண்டுகளில் சொட்டினேன். ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை உடனே குழாய்த் தண்ணீரில் அலசினேன். இன்னொன்றை ஒரு நாள் காயவிட்டுச் சலவைத் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். மூன்றாவதைக் காயவிட்டு, இஸ்திரி போட்டு, அதன் பிறகு ஊறவைத்தேன்.

உடனே அலசியவற்றில் கரும்பும் டிராகன் பழமும் தடம் தெரியாமல் போயின. திராட்சை இலேசாகத் தெரிந்தது. மாம்பழம் மட்டும் தண்ணீருக்கு அசையவில்லை. சலவைத் திரவத்தைத் தொட்டுத் தேய்த்த பிறகே மஞ்சள் இறங்கியது. ஒரு நாள் காய்ந்தவற்றில் கரும்பைத் தவிர மற்ற மூன்றும் கொஞ்சம் நிறத்தைப் பிடித்து வைத்திருந்தன. இஸ்திரி போட்ட நான்கிலுமே கறை தங்கிவிட்டது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சாயங்களின் தன்மை. சிவப்பு டிராகன் பழத்திலும் பீட்ரூட்டிலும் இருப்பது பீட்டாசயனின். இது தண்ணீரில் எளிதாகக் கரையும். மாம்பழம், பப்பாளி, கேரட் ஆகியவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகை. இது எண்ணெயில் கரையுமே தவிர தண்ணீரில் கரையாது. அதனால்தான் சலவைத் திரவம் தேவைப்படுகிறது. மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் வெளிறச் செய்யும். ஊறவைத்து அலசிய துணியை மூங்கில் கழியில் வெயில்படும்படி காயப்போடுவது இதற்கு நல்ல வழி.

கறுப்புத் திராட்சை, நாவல்பழம், மங்குஸ்தீன் தோல் ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின். இது அமிலத்தில் சிவப்பாகவும், காரத்தில் நீலமாகவும் மாறும். திராட்சைக் கறையில் சலவைக் கட்டியைத் தேய்த்தபோது அது நீலச் சாம்பல் நிறத்துக்கு மாறியதைப் பார்த்து, கறையை மேலும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். உண்மையில் சோப்பின் காரத்தன்மைதான் அந்த நிறத்தைக் கொடுத்தது. அலசிவிட்டு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் மறுபடியும் இளஞ்சிவப்பானது. நிறம் மாறியதே தவிர, கறை நீங்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மங்குஸ்தீன் தோலில் டானின் என்ற பொருளும் நிறைய உண்டு. தோல் பதனிடவும் சாயம் போடவும் பயன்படும் பொருள் அது. மலேசியாவில் சில ஹோட்டல்கள் டுரியானைப் போலவே மங்குஸ்தீனையும் அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும். டுரியானுக்குத் தடை அதன் வாடையால். மங்குஸ்தீனுக்குத் தடை, படுக்கை விரிப்பிலும் துண்டிலும் ஏறும் கறையால்.

முதல் பத்து நிமிடங்கள்

பல்கலைக்கழக விடுமுறையில் நான் ஒரு பழச்சாற்றுக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்திருக்கிறேன். அங்குள்ள ஆண்ட்டி எப்போதும் கறுப்பு ஏப்ரன்தான் அணிவார். மேசைக்குக் கீழே ஒரு வாளியில் சுத்தமான தண்ணீர் இருக்கும். யார் மேலாவது சாறு கொட்டினால், யார் கொட்டியது என்று கேட்பதற்கு முன்பே வாளியை நீட்டிவிடுவார். அவர் செய்ததெல்லாம் சரி என்று இப்போது புரிகிறது.

சாறு பட்டவுடன் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் சாறு பரவி, இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பிறகு துணியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். வந்த வழியாகவே சாறு வெளியேறும். நிறம் தெரியாத தெறிப்புகளையும் சேர்த்து அலசுங்கள். அன்று மாலையே சலவைத் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை முழுமையாகப் போனது உறுதியானால் மட்டுமே இஸ்திரி போடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக்கும் இதே விதிதான்.

பழைய கறைக்கு ஆக்சிஜன் வெளுப்பான் உதவும். பொட்டலத்தில் சோடியம் பெர்கார்பனேட் என்று எழுதியிருக்கும். தண்ணீரில் கரையும்போது இது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு, சாயத்தின் நிறத்தைச் சிதைக்கிறது. பொட்டலத்தில் உள்ள அளவையும் நேரத்தையும் மீற வேண்டாம். வண்ணத் துணியானால் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுச் சோதியுங்கள்.

உடையின் உள்ளே தைத்திருக்கும் சிறு அட்டையையும் பாருங்கள். வெறும் முக்கோணம் இருந்தால் எந்த வெளுப்பானையும் பயன்படுத்தலாம். முக்கோணத்துக்குள் இரண்டு சாய்ந்த கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் வெளுப்பான் மட்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் எதுவும் கூடாது. பட்டிலும் கம்பளியிலும் வீட்டில் சோதனை செய்ய வேண்டாம். தீபாவளிப் பட்டுப் பாவாடையில் சாறு கொட்டினால் ஒற்றி எடுத்துவிட்டு, சீக்கிரம் உலர்சலவைக் கடைக்குக் கொண்டுபோய், எங்கே, என்ன கொட்டியது என்று சொல்லிவிடுங்கள். நிறமில்லாத சாறாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குளோரின் வெளுப்பானுடன் எலுமிச்சையையோ வினிகரையோ கலக்கவே கூடாது. நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு வெளியேறும். சன்னல் இல்லாத குளியலறையில் அது மிகவும் ஆபத்து. “இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு சக்தி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வராமல் தடுக்க எளிய வழிகள் உண்டு. வெள்ளைச் சீருடையோ முக்கியமான உடையோ அணிந்திருக்கும் நாளில் மூடியுள்ள குவளையில் சாறு வாங்குங்கள். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடாதீர்கள். வீட்டில் பழம் அரைக்கும்போது அரவை இயந்திரத்தின் மூடியைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். மங்குஸ்தீன் உரிக்கும்போது பழைய உடை அணிவது நல்லது.

அன்று காலை

இஸ்திரி மேசை முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது அம்மா வீடு திரும்பினார். தாதிமை இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்திருந்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா வெறும் தண்ணியிலேயே போயிருக்குமே. ஏன்மா சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அறைக்குள் போய், தம்முடைய அடர்நீல மேற்சட்டையை எடுத்து வந்தார். எனக்கு அது தொளதொளவென்று இருந்தது. இடுப்புப் பக்கம் உள்புறமாக இரண்டு ஊக்கு குத்திவிட்டார். நேர்முகத் தேர்வு முழுவதும் ஓர் ஊக்கு என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வேலைப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் சட்டை அல்ல, ஒரு கேள்விக்கு நான் தடுமாறியதுதான். அடுத்த மாதம் வேறோர் இடத்தில் கிடைத்தது.

வெள்ளைச் சட்டையை ஆக்சிஜன் வெளுப்பானில் இரண்டு முறை ஊறவைத்தேன். பெரும்பாலான திட்டுகள் போய்விட்டன. மூன்றாவது பித்தானுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் மிச்சம். அறைக்குள் தெரியாது, வெயிலில் தெரியும். இன்னும் அதை அணிகிறேன்.

இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் அம்மாவுக்கு, நான் சொல்லாமல் விட்ட ஒன்று கூடுதல் வேலையாக வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்னமும் உறுத்துகிறது. இப்போது எங்கள் வீட்டில் என்னுடைய துணிகளையும் தம்பியின் சீருடையையும் நான்தான் துவைக்கிறேன். கொட்டினால் அன்றே சொல்லிவிட வேண்டும், சொன்னவரை யாரும் திட்டக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பி போன வாரம் கதவைத் திறக்கும்போதே, “அக்கா, காலரில் ஆரஞ்சு ஜூஸ்!” என்று கத்திக்கொண்டு வந்தான். வாளியில் தண்ணீர் பிடித்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.