எடைப் பிரிவை மாற்றலாமா?

பெரும்பாக்கத்தில் குத்துச்சண்டை பழகும் மாணவர் ஒருவர் போட்டிக்கு முன் இரண்டு நாள் தண்ணீரே குடிப்பதில்லை. எடை குறைந்தால் கீழ்ப்பிரிவில் எளிதாக வெல்லலாம் என்பது அவர் எண்ணம். சரிதானா?

மேற்பிரிவில் எதிராளியின் வலிமை எவ்வளவு கூடும் என்று முதலில் கணக்கிடுவோம். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடல் ஒரே சீராகப் பெருத்தால், பரப்பு நீளத்தின் இருமடியாகவும் எடை மும்மடியாகவும் கூடும். எனவே 48 கிலோ 51 ஆனால் எடை 6 சதவீதம் கூடினாலும் வலிமை சுமார் 4 சதவீதமே கூடும். 75 கிலோ ஆனாலோ 35 சதவீதம்! ஒரு படி ஏறினால் திறமை ஈடுகட்டும். பல படி ஏறுவது கடினம்.

மேரி கோம் 2010-இல் 48 கிலோ பிரிவில் ஐந்தாம் முறையாக உலகப் பட்டம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51, 60, 75 கிலோ பிரிவுகளே இருந்தன. அவர் 51-க்கு ஏறினார், வெண்கலம் வென்றார்.

இறங்கினால்? மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 53 கிலோவிலிருந்து 50 கிலோ பிரிவுக்கு இறங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியன்று 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். 100 கிராம் என்பது அரை டம்ளர் தண்ணீர்தான்!

அவசரமாகக் குறையும் எடை பெரும்பாலும் நீரே; கொழுப்பு அன்று. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறையும், இதயம் விரைந்து துடிக்கும், உடல் சூடேறும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, தம்பி, ஒரு படி ஏறியே மோதிப் பாருங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்!