பரவல் தரவுத்தளத்தில் எண்ணும் செயற்கூற்றின் மாற்றம்

வழக்கொழிந்த செயற்கூற்றை மாற்றுவது பெயர்மாற்றம் மட்டுமன்று. வினாவின் பொருளைத் தெளிவுபடுத்துவதும் ஆகும். மோங்கோடிபி தரவுத்தளத்தின் நிரலாக்க இடைமுகங்களில் ‘கவுண்ட்’ என்னும் செயற்கூறு 2018இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, அதனிடத்தில் இரண்டு தரப்பட்டன. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் நிலக்கரி வரவுப் பதிவுகள் பல வழங்கிகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். வழங்கிகளுக்கிடையே பதிவுகள் இடம்பெயரும்போது ஒரே பதிவு ஈரிடத்தும் இருக்கக்கூடும். நிபந்தனையின்றி அழைக்கப்படும் ‘கவுண்ட்’ அதனை இருமுறை எண்ணிவிடலாம். புதியனவற்றுள் ‘எஸ்டிமேட்டட் டாக்குமெண்ட் கவுண்ட்’ மீத்தரவிலிருந்து விரைவான தோராய எண்ணைத் தருகிறது. ‘கவுண்ட் டாக்குமெண்ட்ஸ்’ நிபந்தனைக்கு உட்பட்ட பதிவுகளைத் திரட்டித் துல்லியமாக எண்ணுகிறது. அதற்குக் காலம் மிகுதியாகும். திரையில் காட்டும் தோராயத்திற்கு முன்னதும், இருப்புக் கணக்கிற்குப் பின்னதும் பொருந்தும். எனவே பழைய நிரலின் ஒவ்வோர் அழைப்பிலும் வேண்டப்படுவது விரைவா, துல்லியமா என முதலில் வரையறுத்தல் இன்றியமையாதது.