‘யெஸ்’ சொல்றதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் படிங்க பாஸ்!

2021 நவம்பரில் யூ-டியூபில் வந்த அந்த வீடியோவைப் பார்த்திருக்கீங்களா? ஹீரோ, ‘லினஸ் டெக் டிப்ஸ்’ சேனல் நடத்தும் லினஸ் செபாஸ்டியன். (லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேற ஆளு, குழப்பிக்காதீங்க!) கேம்ஸ் விளையாடுவதற்காக ‘பாப் ஓஎஸ்’ என்கிற லினக்ஸில் ‘ஸ்டீம்’ சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யப் போனார். ‘அத்தியாவசியமான பேக்கேஜ்கள் நீக்கப்படப் போகின்றன. நிஜமாகவே சம்மதமென்றால், யெஸ், டூ ஆஸ் ஐ ஸே என்று டைப் செய்யவும்’ என எச்சரித்தது கம்ப்யூட்டர். மனிதர் அப்படியே டைப் செய்தார். டெஸ்க்டாப்பே காலி!

கேம் கேட்டவனுக்கு டெஸ்க்டாப் ஏன் போகணும்? அங்கேதான் இருக்கிறது ‘ஷேர்டு லைப்ரரி’ விவகாரம்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லிக்கும் தோசைக்கும் ஒரே கிரைண்டர்தானே? அது மாதிரி, பல சாஃப்ட்வேர்களுக்குத் தேவையான வேலையை ஒரே லைப்ரரி செய்து கொடுக்கும். டிஸ்க்கில் இடம் மிச்சம், மெமரியும் மிச்சம். யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்திருப்பது பேக்கேஜ் மேனேஜர். டெபியன், உபுண்டு குடும்பத்தில் அதன் பெயர் ‘ஆப்ட்’.

ஸ்டீமுக்கு 32-பிட் லைப்ரரிகள் வேணும். ஒரு லைப்ரரியின் 32-பிட், 64-பிட் இரண்டும் ஒரே சிஸ்டத்தில் இருக்கணும்னா, பொதுவாக இரண்டும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். அன்றைக்கு வெர்ஷன்கள் ஒத்துப்போகவில்லை. ‘ஸ்டீம் வேணுமா? அப்போ மத்தவங்க வெளியே’ என்று கணக்குப் போட்டுவிட்டது ஆப்ட். என்னைக் கேட்டால், பாதித் தப்பு அந்த வாக்கியத்தின் மேல்தான். சம்மதம் கேட்கிற லட்சணமா அது? அதே மாதமே ஆப்ட் டீம் அதை மாற்றிவிட்டது. இப்போதெல்லாம் அந்த வாக்கியத்தை டைப் செய்து தப்பிக்க முடியாது.

சரி, ஒவ்வொரு சாஃப்ட்வேரும் சொந்தமா ஒரு காப்பி வெச்சுக்கலாமேனு கேட்பீங்க. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்ப்ளீட்’ ஓட்டை வெளியே வந்தபோது, ‘ஓபன்எஸ்எஸ்எல்’ லைப்ரரியை அப்டேட் செய்ததுமே, அதைப் பகிர்ந்து பயன்படுத்திய அத்தனை சாஃப்ட்வேருக்கும் மருந்து கிடைத்தது. சொந்த காப்பியைப் பதுக்கி வைத்திருந்தவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சின்ன விஷயம்: ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர், பழைய லைப்ரரியைத்தான் மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால், ரீஸ்டார்ட் கட்டாயம்!

நம்ம பசங்க மாட்டுகிற இன்னொரு இடம், ‘லிப்எஸ்எஸ்எல் 1.1 கிடைக்கவில்லை’ என்ற எர்ரர். 2022-ல் வந்த உபுண்டு 22.04, ஓபன்எஸ்எஸ்எல் 3-க்குத் தாவிவிட்டது. 1.1-ஐ நம்பியிருந்த பழைய சாஃப்ட்வேர்கள் அம்போ! உடனே சிலர், புது ஃபைலுக்குப் பழைய பேரில் ஒரு ஷார்ட்கட் போட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். கடையை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றுகிற வேலை இது. பேரில் இருக்கும் அந்த நம்பர் மாறியிருந்தாலே, பழசோடு ஒத்துப்போகாது என்று அர்த்தம். சிலர் எங்கிருந்தோ பழைய 1.1-ஐ இறக்கி உள்ளே திணிப்பார்கள். சாஃப்ட்வேர் ஓடலாம். ஆனால், அதற்கு செக்யூரிட்டி அப்டேட் தானாக வந்து சேராது. புது வெர்ஷனுக்கு ஏற்ற சாஃப்ட்வேரைத் தேடுவதுதான் நேர்வழி. வேறு வழியே இல்லை என்றால், பழைய உபுண்டுவை ஒரு ‘கன்டெய்ன’ருக்குள் ஓடவிட்டு, வேலையை அதற்குள்ளேயே முடிச்சுக்கோங்க.

நாளைக்கு வைவாவை வெச்சுக்கிட்டு இன்னிக்கு ராத்திரி எதையாவது இன்ஸ்டால் செய்கிறீர்களா? ஆப்ட் கட்டளையோடு ‘சிமுலேட்’ ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுங்க. எதையும் தொடாமல், எது வரும், எது போகும் என்று லிஸ்ட் மட்டும் காட்டும். ‘வரும்’ லிஸ்ட்டை விடுங்க, ‘போகும்’ லிஸ்ட்டைப் படிங்க. அதில் உங்க டெஸ்க்டாப் பேரைப் பார்த்தால், ‘நோ’ சொல்லிட்டு வேற வழி தேடுங்க.